கோடை விடுமுறையும் விமானக் கட்டணமும்



சென்ற திங்களில் எனக்கு வந்த மடல்களுள் ஒன்று இம்முறை இப்பகுதி முழுவதையும் தனக்கெனக் கேட்டு நிற்கிறது. வரைந்தவர் குமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் மூன்று மக்களோடு வாழும் இல்லத்தலைவி. கணவர் ஷார்ஜாவில் ஒரு தொழிற்கூடத்தில் பணிபுரிகிறார். இரண்டாண்டுகளுக்கு ஒரு முறையே விடுப்பு. சென்ற ஆண்டின் இறுதியில் கிடைக்கவேண்டிய விடுப்பையும் நிறுவனத்தார் வரும் டிசம்பருக்குத் தள்ளிவிட்டனராம். மூத்த மகளுக்கு வயது பதின்மூன்று; அடுத்தவனுக்கு எட்டு. கடைக்குட்டிக்கு வரும் மே 20 ஆம் நாள் இரண்டு வயது நிறைகிறது. அக்குழந்தையைத் தந்தை இன்னும் கையில் ஏந்தியதில்லை. "அப்பா எங்கே?" என்று கேட்டால் அது கைப்பேசியைச் சுட்டிக் காட்டுகிறது என்று அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். இதனைப் பற்றி அவர் வேறொன்றும் எழுதவில்லை. அடுத்த வரியிலேயே கட்டணக் கணக்கிற்குப் போய்விட்டார்.

மே மாத விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஷார்ஜா சென்றுவர அவருக்கு விருப்பம். வினாக்கள் மூன்று. முதலாவது: அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் அதே நாளில், அதே விமானத்திற்கு வாங்கிய பயணச்சீட்டைவிடத் தமக்கும் பிள்ளைகளுக்கும் கேட்டபோது ஆளொன்றுக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய் கூடுதலாகச் சொன்னார்களே, இது எவ்வாறு? இரண்டாவது: பள்ளி விடுமுறையைப் பார்த்தேதான் விலையை ஏற்றுகிறார்களா? மூன்றாவது: இத்துணைச் செலவு செய்து போகத்தான் வேண்டுமா, டிசம்பர் வரை பொறுத்திருக்கலாமா?

இத்தகைய வினாக்களைப் பங்குத்தந்தையிடம் ஏன் கேட்கவேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்க, விமானக் கட்டணம் என்பது அரிசி விலையைப் போன்று குடும்பத்தின் அன்றாடப் பேச்சாகிவிட்டது. ஆகவே கேட்டதில் வியப்பில்லை. விடை கூற முயல்வதிலும் தவறில்லை.

முதல் வினாவில் ஒரு சூட்சுமம் உண்டு. அதனை அறிந்தால் இரண்டாவதற்கும் வழி பிறக்கும்.

நாம் பேருந்தில் ஏறினால் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே எல்லாருக்கும் ஒரே கட்டணம். விமானத்தில் அவ்வாறன்று. ஏறத்தாழ 180 இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்தில் அத்தனை இருக்கைகளும் ஒரே அகலம், ஒரே நீளம் உடையனவாயினும், விற்பவர் கணக்கில் அவை பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிற்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஒவ்வோர் எழுத்திற்கும் ஒரு விலை. மிகக் குறைந்த விலையுள்ள அடுக்கில் சில இருக்கைகளே வைக்கப்படும். அவை தீர்ந்ததும் அடுத்த அடுக்கு. அதுவும் தீர்ந்தால் அதற்கு மேல். எந்த அடுக்கில் எத்தனை இருக்கைகள் என்பதும் நிலையானதன்று. விற்பனை மந்தமாயின் மலிவான அடுக்கை விரிப்பார்கள்; விரைவாயின் சுருக்குவார்கள். இவ்வேலையைக் கணினி நாள்தோறும், ஏன், மணிதோறும் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது அம்மையாரின் புதிர் விடுபடும். மலிவான அடுக்கில் இரண்டே இருக்கைகள் எஞ்சியிருந்தன என்று கொள்வோம். தனியொருவராகிய இளைஞர் கேட்டார். அவற்றுள் ஒன்று கிடைத்தது. அம்மையார் மூன்று இருக்கைகள் கேட்டார். மூவருக்கும் ஒருசேர இடந்தரக்கூடிய அடுக்கு எதுவோ, அதன் விலையையே கணினி மூவருக்கும் கூறும். மலிவான இருக்கை ஒன்றோ இரண்டோ மீதமிருந்தாலும் அதனைப் பிரித்துத் தருவதில்லை. அஃதாவது, குடும்பமாகக் கேட்பவர் அந்தக் கேள்வியாலேயே உயர்ந்த விலைக்குத் தள்ளப்படுகிறார். வேண்டுமென்று செய்த வஞ்சனை எனக் கூற முடியாதெனினும், அதன் பளு விழுவது பிள்ளை குட்டிகளோடு புறப்படுவோர் தோள்மீதுதான்.

இதற்குச் செய்யத்தக்கது யாதெனில், முதலில் ஓர் இருக்கை மட்டும் கேட்டுப் பார்க்கவேண்டும், பின்னர் இரண்டு, பின்னர் மூன்று. எந்த எண்ணிக்கையில் விலை தாவுகிறது என்பது புலப்படும். இரண்டு வரை மலிவு, மூன்றில் ஏற்றம் எனின், இரு சீட்டுகளாகப் பிரித்து வாங்கலாம். ஆயினும் எப்படிப் பிரிப்பது என்பதில் கவனம் வேண்டும். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோருள் ஒருவருக்கு அருகிலேயே இருக்கை தரவேண்டும் என்று நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்குக் கூறியது. ஆனால் அது ஒரே பதிவு எண்ணில் பயணம் செய்வோருக்கே பொருந்தும். எனவே எட்டு வயது மகனும் கைக்குழந்தையும் தாயோடு ஒரே பதிவில் இருத்தல் வேண்டும். பன்னிரண்டு நிறைந்தவர் கட்டணத்தைப் பொறுத்தவரை பெரியவரே. ஆகவே மூத்த மகளின் சீட்டைத்தான் தனியே வாங்கக்கூடும். அப்போதும் அவ்வயதுப் பெண்ணைத் தனிப் பதிவில் ஏற்றுக்கொள்வார்களா என்று முன்பே கேட்டறிந்து, இரு பதிவுகளும் ஒரே குடும்பத்தினுடையவை என நிறுவனத்தாரிடம் குறிக்கச் செய்யவேண்டும். இல்லையேல் விமானம் ரத்தாகி வேறொன்றில் மாற்றிவிடும் வேளையில் தாய் ஒன்றிலும் மகள் ஒன்றிலும் போகும்படி நேரலாம். சில நூறு ரூபாய் மிச்சத்திற்காக இந்தத் தொல்லையை வாங்கிக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து. ஆறாயிரம் ரூபாய் மிச்சமெனின், தொலைபேசியில் அரைமணி நேரம் செலவிடுவது தகும்.

கைக்குழந்தைக்கு வருவோம். இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் அமர்ந்து செல்லலாம். அதற்குத் தனி இருக்கை இல்லை, கட்டணமும் மிகக் குறைவு. முழுச்சேவை நிறுவனங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. மலிவுக் கட்டண நிறுவனங்களில் ஒரு குறிப்பிட்ட தொகை. ஆனால் வயதைக் கணக்கிடுவது சீட்டு வாங்கும் நாளிலன்று; பறக்கும் நாளில். மே முதல் வாரத்தில் போகும்போது மடிக்குழந்தையாக இருப்பவன், ஜூன் முதல் வாரத்தில் திரும்பும்போது இரண்டு வயதைக் கடந்தவன். அவனுக்கு இருக்கை வாங்கியாக வேண்டும். அம்மையாரின் கணக்கில் இச்செலவு இடம்பெறவில்லை. மே 20-க்கு முன் திரும்புவதாயின் இது மிச்சம். அவ்வாறு திரும்பினால் விடுமுறையில் பாதி வீணாகுமே என்பதை அவர் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி இரண்டாம் வினா. பள்ளி விடுமுறையைப் பார்த்தா விலையை ஏற்றுகிறார்கள்? ஆம் என்றே கூறவேண்டும். ஆனால் இதன் வரலாறு விந்தையானது.

இவ்வடுக்கு முறையைப் பெரிய அளவில் கையாளத் தொடங்கியவர்கள் அமெரிக்க விமான நிறுவனத்தார். 1977-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் "சூப்பர் சேவர்" என்னும் பெயரில் மலிவுக் கட்டணம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டே அந்நாட்டு அரசு கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கிச் சட்டம் இயற்றவே, ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பியபடி விலை வைக்கலாயிற்று. வணிகர்களும் அதிகாரிகளும் கடைசி நேரத்தில் புறப்படுவர். அவர்களின் செலவை அலுவலகம் ஏற்கும். எவ்வளவு கேட்டாலும் கொடுப்பர். குடும்பத்தோடு உறவினரைக் காணச் செல்வோரோ கைப்பணத்தைச் செலவிடுவோர். விலை ஏறினால் வீட்டிலேயே இருந்துவிடுவர். ஆகவே காலியாகப் பறக்கும் இருக்கைகளைக் குடும்பத்தினருக்கு மலிவாகக் கொடுத்து, வணிகரிடம் மட்டும் முழு விலையை வாங்கவேண்டும். இருவரையும் பிரித்தறிவது எப்படி? பல நாட்களுக்கு முன்பே வாங்கவேண்டும் என்று ஒரு விதி. சனிக்கிழமை இரவு சென்ற ஊரிலேயே தங்கவேண்டும் என்று பின்னர் இன்னொரு விதி. ஞாயிறன்று தன் வீட்டில் இருக்க விரும்பும் வணிகர் இதில் சிக்கிக்கொள்வார், குடும்பத்தினர் தப்பிவிடுவர்.

ஆக, தொடக்கத்தில் இம்முறை குடும்பத்திற்குச் சலுகையாகவே அமைந்தது. அதே முறை நம் வளைகுடா வழித்தடத்திற்கு வந்தபோது தலைகீழாயிற்று. இவ்விமானங்களில் ஏறுவோருள் மிகப் பெரும்பாலோர் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாருமே. இங்கே நாளை மாற்ற இயலாதவர் வணிகர் அல்லர். பள்ளிக்கு அனுப்பும் பிள்ளைகளை உடைய தாய்தான். தேர்வு முடியாமல் புறப்பட முடியாது; பள்ளி திறக்குமுன் திரும்பியாக வேண்டும். நாளை மாற்ற இயலாதவரிடமே விலையைக் கூட்டுவது என்பது இம்முறையின் உயிர்நாடி. கணினிக்கு வணிகரும் தெரியாது, தாயும் தெரியாது. குறிப்பிட்ட வாரத்தில் கூட்டம் முண்டியடிக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

அரசு தலையிடலாகாதா என்று கேட்பவர் உண்டு. 1953-இல் விமானப் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கிய சட்டம் 1994-இல் நீக்கப்பட்டபின், நம் நாட்டிலும் கட்டணத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்கின்றன. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை, உள்நாட்டுக் கட்டணத்திற்கு அரசு வரம்பு கட்டியது. வளைகுடாவுக்கு அவ்வரம்பு இல்லை. இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தம் வேண்டும். துபாய்க்கு வாரந்தோறும் ஒவ்வொரு பக்கத்து நிறுவனங்களும் பறக்கவிடக்கூடிய இருக்கைகள் 2014-இல்தான் 54,200-லிருந்து 65,200 ஆக உயர்த்தப்பட்டன. பயணிகள் பெருகும் வேகத்தில் ஒப்பந்தங்கள் பெருகுவதில்லை. 2003-இல் ஷார்ஜாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஏர் அரேபியா பறக்கத் தொடங்கியதும், 2005 ஏப்ரல் 29-இல் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதல் விமானத்தை விட்டதும் ஏழைகளுக்குப் பெரிதும் உதவின என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மலிவு நிறுவனத்திலும் அடுக்கு முறை அடுக்கு முறையே.

இங்கே நம் தமிழகத்துத் தாய்மாருக்கு ஒரு நற்செய்தி. வளைகுடாவில் இயங்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் ஆண்டைத் தொடங்கி, ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ கோடை விடுமுறை விட்டு, ஆகஸ்டு இறுதியில் மீண்டும் திறக்கின்றன. அங்கே குடும்பத்தோடு வாழ்வோர் அனைவரும் ஜூன் கடைசியில் இந்தியாவுக்குப் பறக்க, ஆகஸ்டு கடைசியில் திரும்பப் பறக்க, விலை உச்சிக்குப் போவது அவ்வாரங்களில்தான். நம் ஊர்ப் பள்ளிகளோ ஏப்ரலில் தேர்வை முடித்து ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. ஆகவே மே முதல் வாரத்தில் இங்கிருந்து புறப்பட்டு, ஜூன் பிறந்தவுடன் திரும்புபவர் பெருவெள்ளத்தின் எதிர்த்திசையில் நீந்துபவராகிறார். அண்டை மாநிலத்தாரும் ஓரளவு இதையே செய்வதால் மே மாதம் மலிவு என்று கூறிவிட முடியாது. ஜூலை, ஆகஸ்டைப் போல் அத்தனைக் கொடுமையன்று என்றே கூறலாம்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பக்ரீத் பெருநாள் பிறைக் கணக்கைச் சார்ந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி வரும். 2025-இல் ஜூன் முதல் வாரத்தில் வந்த அது, 2026-இல் மே இறுதிக்கும் 2027-இல் மே நடுப்பகுதிக்கும் உரியது. அங்கு தொடர்ந்து பல நாள் விடுமுறை கிடைக்கும் அவ்வாரத்தில் பலரும் ஊருக்கு வருவர். அப்பெருநாளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் ஷார்ஜாவிலிருந்து திரும்புவதாகச் சீட்டு வாங்கினால் எதிர்த்திசை நன்மை முழுவதும் பறிபோகும். நாட்காட்டியை எடுத்து முதலில் அதனை வட்டமிட்டுக் கொள்ளுங்கள்.

எந்தக் கிழமையில் வாங்கினால் மலிவு என்று பலர் ஏதேதோ கூறக் கேட்கிறேன். செவ்வாய் நள்ளிரவு என்பார் ஒருவர். கணினியில் பழைய தடத்தை அழித்துவிட்டுத் தேடவேண்டும் என்பார் மற்றொருவர். இவற்றை நம்பித் தூக்கம் கெடவேண்டாம். வாங்கும் கிழமை முக்கியமன்று. பறக்கும் கிழமையே முக்கியம். வார நடுவில் புறப்படும் விமானமும், பொழுது புலருமுன் புறப்படும் விமானமும் பெரும்பாலும் மலிவாக இருக்கும். இரண்டு மூன்று நாட்கள் முன்பின் நகர்த்திப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். போவதற்கு ஒரு நிறுவனம், வருவதற்கு மற்றொன்று எனப் பிரித்து வாங்குவதிலும் தடையில்லை; மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியேதான் விலை வைக்கின்றன.

எந்த விமான நிலையம்? குமரி மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரமே அருகில். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அங்கே 2024 ஜூலை முதல் புறப்படுவோரிடம் மட்டுமன்றி வந்திறங்குவோரிடமும் பயன்பாட்டுக் கட்டணம் வாங்கத் தொடங்கினர். அது சீட்டு விலையிலேயே அடங்கும். எனவே கட்டணத்தின் அடிப்படைத் தொகையை ஒப்பிடாமல் இறுதித் தொகையையே ஒப்பிடவேண்டும். திருச்சியில் 2024 சனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்டது. அங்கிருந்தும் வளைகுடாவுக்கு விமானங்கள் உண்டு. கொச்சி, சென்னை ஆகியவற்றில் போட்டி மிகுதியாதலால் சில நாட்களில் விலை வியக்கத்தக்கவாறு இறங்கியிருக்கும். ஆனால் மூன்று பிள்ளைகளோடு சென்னைக்கு இரவு முழுதும் இரயிலில் சென்று, அறை எடுத்துத் தங்கி, வாடகை வண்டியில் நிலையம் சேரும் செலவை எழுதிக் கூட்டினால், மிச்சம் என்று எண்ணியது மறைந்துவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்தார் திருவனந்தபுரத்தையும் திருச்சியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குமரியார்க்கு அது தேவையில்லை.

மறு கரையில்தான் இவர்களுக்கு வாய்ப்பு மிகுதி. ஷார்ஜாவில் இறங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவேண்டியதில்லை. துபாய் விமான நிலையம் ஷார்ஜா நகருக்கு மிக அண்மையில் இருக்கிறது. அபுதாபி சாலைவழி ஒன்றரை மணி நேரத்திற்கு மேல். ஆயினும் பேருந்து உண்டு. மூன்று நிலையங்களுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். அழைக்க வரும் கணவருக்கு அன்று வேலை நாளா என்பதையும் கேளுங்கள். அரை நாள் ஊதியம் போனால் அதுவும் செலவே.

கொழும்பு வழியாகவோ மும்பை வழியாகவோ போனால் மலிவு என்பதும் உண்மையே. ஒரே சீட்டாக வாங்கினால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. மும்பை வரை ஒரு சீட்டு, அங்கிருந்து வேறொரு நிறுவனத்தில் ஒரு சீட்டு என்று தனித்தனியே வாங்கினால் அப்பொறுப்பு யாருக்கும் இல்லை. முதலாவது தாமதித்தால் இரண்டாவது பணம் போயிற்று. அன்றியும் நான்கு மணி நேரத்தில் நேரே போய்ச் சேரக்கூடிய ஊருக்கு, மடியில் குழந்தையும் கையில் பையுமாக இரவெல்லாம் நிலையத்து நாற்காலியில் அமர்ந்திருக்கவேண்டுமா? தனியாகச் செல்லும் இளைஞர் செய்யட்டும். தாய்மாருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

மிக மலிவான கட்டணத்தில் பெட்டிக்கு இடமில்லாதிருப்பதும் உண்டு. கையில் ஏழு கிலோ மட்டும் கொண்டுபோகலாம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். கணவருக்குக் கருவாடும் நேந்திரங்காய் வறுவலும் ஊறுகாயும் கட்டாமல் புறப்படும் மனைவியை நம் கடற்கரையில் நான் இன்னும் கண்டதில்லை. நிலையத்தில் நின்று கூடுதல் எடைக்குப் பணம் கட்டுவதைவிடப் பெட்டியோடு கூடிய கட்டணத்தை முன்பே வாங்குவது மலிவு.

ஒரு நிறுவனம் மற்றெல்லாரையும்விட மிகத் தாழ்ந்த விலைக்குப் பல மாதங்களுக்கு முன்பே விற்கிறது என்றால், அது நிலைத்து நிற்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் பறப்பதை நிறுத்தியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-இல் நிறுத்தியது. இரண்டும் கோடை விடுமுறையின் வாயிலில். சீட்டை வைத்திருந்த குடும்பங்கள் இருமடங்கு கொடுத்து வேறு சீட்டு வாங்கவேண்டியதாயிற்று. கட்டிய பணமோ எளிதில் திரும்பவில்லை. வான்வழியும் எப்போதும் திறந்தே இருக்கும் என்பதற்கில்லை. 2025 ஜூன் 23 அன்று இரவு கத்தார் மீது ஏவுகணைகள் பாய்ந்தபோது அங்கும் அண்டை நாடுகளிலும் வான்வழி சில மணி நேரம் மூடப்பட்டு, விமானங்கள் பாதி வழியில் திரும்பின. ஆகவே பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளில் வந்திறங்குமாறு சீட்டு வாங்காமல், மூன்று நான்கு நாட்களேனும் இடைவெளி விடுங்கள். அந்த முந்தைய நாளில்தான் விலையும் மிகுதி என்பது வேறு.

பணம் திரும்பாது என்று எழுதப்பட்ட சீட்டை ரத்து செய்ய நேர்ந்தாலும், அதில் அடங்கிய வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கேளாதவருக்குக் கிடைப்பதில்லை, கேளுங்கள்.

மூன்றாம் வினாவே எனக்குக் கடினமானது. கட்டணத்தை மட்டும் பார்த்தால் விடை எளிது. டிசம்பரில் கணவர் வருவதற்கான சீட்டை நிறுவனமே தருகிறது; குடும்பத்திற்கு ஒரு காசும் செலவில்லை. மே மாதத்தில் இவர்கள் போவதாயின் போக மூன்று இருக்கைகள், வர நான்கு இருக்கைகள், விசாச் செலவு, தங்கும் செலவு. தங்கும் செலவைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். கணவர் பிறரோடு பகிர்ந்து வாழும் அறையில் குடும்பம் தங்க முடியாது. ஊர்க்காரக் குடும்பங்கள் விடுமுறைக்கு வந்துவிட்டு வீடுகள் காலியாகக் கிடப்பது ஜூலை, ஆகஸ்டில்; அப்போது நம் பிள்ளைகளுக்குப் பள்ளி. மே மாதத்தில் ஓர் அறை எடுத்தால் அதன் வாடகை விமானக் கட்டணத்தையே எட்டிவிடும். ஆகவே முதலில் அறையைப் பேசி முடித்த பின்னரே சீட்டை எண்ணவேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்து, அங்குப் போய் அல்லல்பட்டவர்கள் உண்டு.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பின்பும், போய்வாருங்கள் என்றே நான் அந்த அம்மையாருக்கு எழுதுகிறேன். டிசம்பர் வருவதற்கு இன்னும் பல மாதங்கள் உண்டு. ஒரு முறை தள்ளப்பட்ட விடுப்பு மறுமுறையும் தள்ளப்படாது என்பதற்கு உறுதி ஏதுமில்லை. மகளுக்கு வயது பதின்மூன்று. தந்தையோடு சேர்ந்து அமர்ந்து உண்ட நாட்களை அவள் எண்ணிவிடக்கூடிய நிலை. சிறுவனின் புதுநன்மைக்குத் தந்தை இல்லை என்றும் மடலில் ஒரு வரி இருக்கிறது. இவை விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆனால் நகையை அடகு வைத்துப் போகாதீர்கள். இரண்டு மாதம் வேண்டாம். மூன்று வாரம் போதும். டிசம்பர் சீட்டிற்குப் பதிலாகப் பணமாகவோ, குடும்பத்தின் பெயரிலோ தர இயலுமா என்று கணவர் தம் நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கட்டும். சில நிறுவனங்கள் இசைகின்றன. ஆயின் அதை ஏற்றால் டிசம்பரில் அவர் சொந்தச் செலவில் வரவேண்டும் என்பதையும், கிறிஸ்து பிறப்புக் காலத்தில் விலை ஏறியிருக்கும் என்பதையும் இருவரும் சேர்ந்து எண்ணி முடிவு செய்யவேண்டும். கட்டணத்தை ரூபாயில் இங்கே வாங்குவதா, திர்ஹாமில் அங்கே கணவர் வாங்குவதா என்பதையும் அதே நேரத்தில் ஒப்பிடலாம்; இங்கிருந்து அயல்நாட்டு நாணயத்தில் அட்டை வழியாகச் செலுத்தினால் வங்கி தன் பங்கிற்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்போல் சேர்த்துக்கொள்ளும்.

இனி, சீட்டு வாங்குமுன் அவர் செய்யவேண்டிய ஒன்று. தம் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல்லாக இருப்பதாகவும், குடும்பப் பெயருக்கு உரிய இடம் வெறுமையாக இருப்பதாகவும் மடலின் ஓரத்தில் குறித்திருக்கிறார். நம் தமிழர்க்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தோடு முடிந்துவிடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயருடைய பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு வருவோரை ஏற்பதில்லை என அறிவித்தது. பின்னர், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என விளக்கம் தந்தது. எனவே அம்மையார் தம் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும். மூத்த பிள்ளைகள் இருவரின் பாஸ்போர்ட்டுகளும் பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாகுமா எனவும் பார்க்கட்டும். சிறுவர்க்கு ஐந்தாண்டுக்குத்தான் தருகிறார்கள், அது எப்போது முடிந்தது என்று பலருக்கும் தெரிவதில்லை. கடைக்குட்டிக்கு இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். மடலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதற்குத் தந்தையின் ஒப்புதலும் கேட்பார்கள். அவர் வெளிநாட்டில் இருப்பதால் எந்தப் படிவத்தில் தரவேண்டும் என்று பாஸ்போர்ட் சேவை மையத்தில் இவ்வாரமே கேட்டறியவேண்டும். குழந்தையின் பாஸ்போர்ட் கைக்கு வந்தபின், அதில் அச்சாகியுள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பார்த்து, மற்றவர் சீட்டுகளோடு சேர்த்து வாங்கட்டும். பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த சில நிறுவனங்கள் கேட்கும் தொகை, இத்தனை நாள் தேடி மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.